நிபுணர் வாங்கிய சவரக்கத்தி

அன்று காலை அந்தக் குளியலறையில் இருந்தவர்கள்: கையில் சவரக்கத்தியோடு நிபுணர். மூடிய கமோடின் மேல், கழுத்தில் துண்டும் முகம் நிறைய நுரையுமாக, அவருடைய மச்சான். கதவு நிலையில் சாய்ந்தபடி நிபுணரின் மனைவி. பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள், கையில் வாளியோடு கீழ்வீட்டம்மா, தோளில் பையோடு குழாய்க்காரர். இரண்டு பேர் நின்றாலே மூன்றாமவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய அறை அது.

பிரச்சினை சின்னதுதான். வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கவில்லை.

"தண்ணி நிக்குதுங்க," என்றாள் மனைவி.

"நிக்கட்டும்."

"நிக்கட்டுமா?"

"இந்த மாதிரிக் கத்தியை நிக்கிற தண்ணியிலதான் அலசணும். ஓடுற தண்ணி பட்டா முனை கெட்டுடும்."

இது எங்கே எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எங்காவது எழுதியிருக்கும். இவரைப் போலவே இன்னொருவர் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து எழுதியிருப்பார்.

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளை அலமாரி மாற்றி அடுக்குவது அவருடைய வேலை. நிபுணர் என்பது அங்கே வைத்த பெயர். கேலிக்கு வைத்தார்கள். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். முதலில் மீன் வளர்ப்பில் நிபுணராக இருந்தார், மீன்கள் ஒத்துழைக்கவில்லை. பிறகு தொலைநோக்கி வாங்கி வான சாஸ்திர நிபுணர் ஆனார். அதில் எதிர்க்கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது, அதையும் சனிக்கிரகம் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மீன்தொட்டி, தொலைநோக்கி, நடுவில் வந்துபோன நாலைந்து சாமான்கள் எல்லாம் இப்போது பரண்மேல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கின்றன.

இந்த முறை சவரக்கத்தி. மடக்கினால் பிடிக்குள் போய்விடும் பழைய காலத்து நீளக் கத்தி.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிபுணரின் முகத்தில் தாடி என்பது வெறும் வதந்தி. மோவாயில் ஏழெட்டு முடி. அவையும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் தள்ளித் தள்ளி நின்றன. ஒரு பிளாஸ்டிக் ரேசரை வைத்து அவர் ஆயுளை ஓட்டியிருக்கலாம். ஆனால் பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் "மரபுக் கருவூலம்" என்ற பெயரில் ஒருவர் போட்டிருந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதை அவர் மனப்பாடம் செய்து, வருவோர் போவோரிடமெல்லாம் ஒப்பித்தார்.

"கேளு. 'பல வருடங்களாக ஒரே வீட்டில் இருந்த கத்தி. வீட்டிலேயே மிக அமைதியான அறையில், வெளிச்சம் படாமல், யார் கையும் படாமல் இருந்தது. காலம் தானாகப் பூசிய கருமையோடு, துடைக்காமல் அப்படியே தருகிறோம்.' எப்படி?"

"அமைதியான அறையில கத்திக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் மனைவி.

"பெரிய மனுஷன் வீடுடீ. படிப்பறையா இருக்கும்."

விலையைக் கேட்டபோது அவருக்குத் திடீரென்று காது மந்தமானது.

பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த நாற்றத்தில் சோபாவில் படுத்திருந்த மச்சானே எழுந்து உட்கார்ந்தான். அது சாதாரண விஷயமில்லை. அந்தச் சோபாவிலிருந்து அவனை எழுப்ப இரண்டு வருஷமாக யாராலும் முடியவில்லை.

"என்ன அத்தான் இது, எலி செத்த மாதிரி?"

"பழைய எஃகோட வாசனை. உனக்குப் புரியாது." நிபுணர் கத்தியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

அதன்பின் மூன்று வாரம் வாஷ்பேசின்தான் பட்டறை. துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். துரு போகவில்லை, செய்த பட்டறையின் முத்திரைதான் போயிற்று. "முத்திரையைப் பாத்து மதிக்கிறவன் அரைகுறை," என்று சொல்லிவிட்டார். பிடியின் இடுக்கில் இருந்த கறுப்பு அழுக்கை மச்சானுடைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, பிரஷ்ஷை ஒரு உதறு உதறிப் பழைய இடத்திலேயே வைத்தார். இரண்டு கையும் வேலையாக இருந்தபோது கத்தியின் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டார். சாணைக்கல்லில் தீட்டினார். கூர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கைமுடியை மழித்துப் பார்க்க வேண்டுமாம். இடது கை வழுக்கையானது. அடுத்து வலது கை. அடுத்து இரண்டு கால்களும். தன் உடம்பில் சோதிக்க இடம் தீர்ந்துபோனபின், தூங்கிக்கொண்டிருந்த மச்சானின் கைகள். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், இது ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். மழித்த முடி, உப்புத்தாள் தூள், மெருகுப் பசை எல்லாம் வாஷ்பேசின் துளை வழியாக உள்ளே போயின. எங்கே போகும் என்று நிபுணர் யோசிக்கவில்லை. நிபுணர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

வீட்டில் இருந்த பிளாஸ்டிக் ரேசர்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டு, "இனிமே இந்த வீட்டுல பிளாஸ்டிக்குக்கு இடம் கிடையாது," என்று அறிவித்தது போன வாரம்.

மச்சானுக்கு ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜை வேலைக்கு நேர்காணல் வந்தது இந்த வாரம். தங்க அறையும் தருவார்களாம். ஒரே நிபந்தனை, முகம் மழமழவென்று இருக்க வேண்டும். மச்சானின் தாடியோ கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே போய்விடும். அறை என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து மனைவிக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. தம்பி மேல் அவளுக்குப் பாசம் உண்டு. ஆனால் சோபாவின் நடுவே அவன் உருவத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாசத்தால் அதை நிரப்ப முடியவில்லை.

"கடையில போய் ஷேவ் பண்ணிட்டு வாடா," என்றாள்.

"கடையா?" என்றார் நிபுணர். "வீட்டுல நான் இருக்கும்போதா?"

மச்சான் ஒத்துக்கொண்டான். அத்தான் மேல் நம்பிக்கை இருந்ததால் அல்ல. கடைக்குப் போவதென்றால் படி இறங்க வேண்டும்.

"பதினோரு மணிக்கு அவன் அங்க இருக்கணும்," என்று மனைவி விரலை நீட்டினாள். "உங்க கத்தியால இந்த வேலை போச்சுன்னு வையுங்க, இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் இடம். அது அவனா நீங்களான்னு நான் முடிவு பண்ணுவேன்."

இப்படியாகத்தான் மச்சான் கமோடு மேல் வந்து உட்கார்ந்தான். தண்ணீரும் வாஷ்பேசினில் வந்து நின்றது.

நிபுணர் முதல் இழுப்பு இழுத்தார்.

"ஆ!"

"வலிக்குதா?"

"இழுக்குது அத்தான்."

"கத்தி இழுக்காது. உன் தோல் பிளாஸ்டிக்குக்கு அடிமைப்பட்ட தோல். அதான் திமிறுது."

நுரை வழிக்கப்பட்டிருந்தது. தாடி இருந்த இடத்திலேயே இருந்தது.

"தோல்வாருல நாலு தீட்டு தீட்டினா சரியாயிடும்." கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த பெல்ட்டை எடுத்து ஒரு கையால் விறைப்பாகப் பிடித்து, கத்தியை மேலும் கீழுமாக இழுத்தார். ஐந்தாவது இழுப்பில் பெல்ட் இரண்டானது.

"பாத்தியா, என்ன கூர்!" என்றார் பெருமையாக.

"அத்தான், அது நான் இன்னிக்குப் போட்டுட்டுப் போற பெல்ட்டு."

"கவுண்டருக்குப் பின்னாடிதானே நிக்கப் போற? பேன்ட்டைக் கையால பிடிச்சுக்கோ."

இதற்குள் வாஷ்பேசினில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. நிற்கிற தண்ணீர்தான் நல்லது என்று சொல்லிவிட்டதால் நிபுணர் கொஞ்ச நேரம் அதைப் பார்க்காதது போல இருந்தார். சட்டை நனைந்ததும் பார்த்தார்.

"அடைப்பு. ஒரு நிமிஷ வேலை."

ஓட்டைக் குடையிலிருந்து ஒரு கம்பியை ஒடித்து வந்து துளைக்குள் விட்டுக் குத்தினார். மூன்று குத்தில் கம்பி பாதி உள்ளே தங்கிவிட்டது.

"குழாய்க்காரரைக் கூப்பிடறேன்," என்றாள் மனைவி.

"எதுக்கு? போன மாசம் கமோடு அடைச்சப்ப வந்து அந்தாளு கிழிச்சது போதாதா? இதெல்லாம் ரசாயனம். சோடாத் தூளும் வினிகரும் கலந்து மேல கொதிக்கிற தண்ணி ஊத்தினா அடைப்பு கரைஞ்சு ஓடிடும்."

கரைந்து ஓடவில்லை. நுரைத்து வந்தது. வாஷ்பேசினிலிருந்து சாம்பல் நிற நுரை பொங்கி வழிந்து தரைக்கு வந்தது. தரையில் இருந்த துளையும் அதே குழாயில்தான் சேர்கிறது என்பதால் அங்கிருந்தும் ஒரு நுரை எழும்பி இதை வரவேற்றது. மச்சான் காலைத் தூக்கிக் கமோடு மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

மனைவி நடையில் நின்று போனில் பேசுவது கேட்டது. "உடனே வாங்கண்ணே. அவரேதான். ஆமா, அவரே சரி பண்ணிட்டார், அதனாலதான் உடனே வாங்கன்னு சொல்றேன்."

"ஆடாதே, மச்சான்," என்றார் நிபுணர். கணுக்கால் அளவு நுரையில் நின்றபடி அவர் மீண்டும் கத்தியை எடுத்தார். இந்த விடாமுயற்சியை அவர் கோப்புப் பிரிவில் காட்டியிருந்தால் இந்நேரம் ஒரு பதவி உயர்வாவது வந்திருக்கும்.

இந்தத் தடவை கத்தி வெட்டியது. முடியை அல்ல. கன்னத்தில் மூன்று இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ரத்தம் வருது அத்தான்!"

"அது ஒண்ணுமில்ல. தோல் துவாரம் திறக்குது."

அந்த நேரம் பார்த்து வினிகர் நெடி ஏறி மச்சான் தும்மினான். கத்தி காதோரமாக மேலே போனது. வலது காதுக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தோல் தெரிந்தது. முகத்தில் வெட்டாத கத்தி தலையில் வெண்ணெயை வெட்டுவது போல வெட்டியிருந்தது.

"என்ன அத்தான், ஜில்லுன்னு இருக்கு?"

"காத்து. அந்தப் பக்கம் திரும்பு, சமன் பண்ணிடறேன்."

இடது பக்கம் இன்னும் ஒரு விரல் மேலே போய்விட்டது. மறுபடி வலது பக்கத்தைச் சமன் செய்ய அவர் கையைத் தூக்கியபோது மனைவி குறுக்கே கையை நீட்டினாள்.

"போதும். இன்னும் ரெண்டு தடவை சமன் பண்ணினீங்கன்னா இவனை ஓட்டல்ல எடுக்க மாட்டாங்க, மடத்துலதான் எடுப்பாங்க."

வாசல் மணி விடாமல் அடித்தது. கீழ்வீட்டம்மா.

"ஏம்மா, என்னதான் பண்றீங்க மேல? எங்க வீட்டுக் கூரையிலேருந்து சோப்பு மழை பெய்யுது! எங்க வீட்டுக்காரர் குளிச்சு முடிச்சுட்டு வந்தவர் மறுபடி நனைஞ்சு நிக்கறார்!" உள்ளே வந்தவள், கமோடு மேல் சம்மணமிட்ட உருவத்தைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள். "ஐயையோ, யாருப்பா இவனை அடிச்சது?"

"யாரும் அடிக்கலைக்கா. ஷேவ் பண்ணிவிட்டார்," என்றாள் மனைவி.

"எதால?"

நிபுணர் கத்தியை உயர்த்திக் காட்டி, "பல வருடங்களாக ஒரே வீட்டில் இருந்த..." என்று ஆரம்பித்தார். கீழ்வீட்டம்மா அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு மனைவியிடம் திரும்பினாள்.

"எத்தனை மணிக்குப் போகணும் இவன்?"

"பதினொண்ணுக்கு அங்க இருக்கணும்."

"இரு. எங்க வீட்டுக்காரரோட ரேசரை எடுத்துட்டு வரேன். புதுசு ஒண்ணு பிரிக்காம கிடக்கு."

அவள் இறங்க, குழாய்க்காரர் ஏறி வந்தார். வாசலில் செருப்பை விட்டவர் குளியலறையைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

போன மாதம் கமோடு அடைத்துக்கொண்டபோது இவர் கையை விட்டு வேலை செய்ய, நிபுணர் மூக்கில் கைக்குட்டையோடு வாசலுக்கு வெளியே நின்று அதட்டிக்கொண்டிருந்தார். இன்று பட்டறையின் நடுவில் அகப்பட்டுக்கொண்டதால் வெளியே போக வழியில்லை.

குழாய்க்காரர் முதலில் நிபுணர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். பிறகு மச்சானின் கன்னத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மச்சான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். என்னமோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, குனிந்து வேலையைத் தொடங்கினார்.

"என்ன பாக்கறே?" என்றார் நிபுணர். "பழம்பொருள். உனக்கெல்லாம் பழக்கம் இருக்காது."

"இல்ல சார்."

"இந்தக் கருமை இருக்கே, இது சும்மா வராது. எவ்வளவு வருஷம், எந்த மாதிரி இடத்துல இருந்திருக்கணும் தெரியுமா?"

"தெரியும் சார்... தெரியாது சார்."

வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த வளைவைக் கழற்றியதும் அதிலிருந்து சாம்பல் பூசிய நனைந்த பூனை மாதிரி ஒன்று வாளியில் விழுந்தது. இரண்டு பேருடைய கைமுடி, ஒருவருடைய கால்முடி, உப்புத்தாள் தூள், பசை எல்லாம் சேர்ந்த உருண்டை. நடுவில் குடைக்கம்பி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், இதைப் பாருங்க..."

"என் கண்ணுல காட்டாதே! உள்ளேருந்து எது வந்தாலும் உன் பையில போட்டுக்கிட்டுப் போயிடு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க சார்."

"தெரியுதுல்ல? சொன்னதைச் செய்."

குழாய்க்காரர் சொன்னதைச் செய்தார். தண்ணீர் 'கொடகொட'வென்று இறங்கியது. கீழ்வீட்டம்மா பிளாஸ்டிக் ரேசரோடு வந்து, மச்சானின் மோவாயை ஒரு கையால் நிமிர்த்தி, காய் சீவுவது போல நாலு இழுப்பில் முகத்தை முடித்தாள். மூன்று வாரப் பட்டறை வேலையைக் கேலி செய்வது போல இருந்தது அந்த வேகம். மனைவி காயங்களில் காகிதத் துண்டு ஒட்டினாள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி இரண்டு வெள்ளைப் பட்டைகளையும் பாதி மறைத்தாள். இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிச் சட்டையை வெளியே இழுத்துவிட்டாள்.

கூடத்தில் வந்து நின்றபோது மச்சான் மோசமில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வேலை கொடுக்கலாம்.

"ஆட்டோவில போனா நேரத்துக்குப் போயிடலாம்," என்றாள் மனைவி. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி பகல் வெளிச்சத்தில் வாசலுக்கு இரண்டடி தூரத்தில் நின்றான். அவள் கண் சோபாவின் பள்ளத்தைத் தடவிவிட்டு வந்தது. "போடா. எதையும் யோசிக்காம போ."

இங்கே நிபுணர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் கீழ்வீட்டம்மா வாளியை எடுத்துக்கொண்டே, "அந்தத் துருப்பிடிச்ச சனியனைத் தூக்கிக் குப்பையில போடுங்க," என்று சொல்லிவிட்டாள். நிபுணரால் தாங்க முடியவில்லை. தப்பு தன்னுடையது இல்லை என்று நாலு பேர் முன்னால் நிரூபித்தாக வேண்டும்.

"என் கையில குறை இல்ல. வித்தவன் ஏமாத்திட்டான். பெரிய வீடு, அமைதியான அறை, யார் கையும் படலைன்னு அளந்திருக்கான். எல்லாம் பொய்! மோசடி! அந்த மரபுக் கருவூலத்து மேல இன்னிக்கே புகார் எழுதிப் போட்டு, அவன் கடையை இழுத்து மூட வைக்கிறேனா இல்லையா பாரு!"

வாசல்படியில் செருப்பில் ஒட்டிய நுரையைத் தேய்த்துக்கொண்டிருந்த குழாய்க்காரர் நிமிர்ந்தார். அவர் முகம் முதல் தடவையாகச் சிவந்திருந்தது.

"என்ன வேணா சொல்லுங்க சார், தொழில்ல பொய்னு மட்டும் சொல்லாதீங்க. பெரிய வீடுன்னு நான் போடவே இல்ல. ஒரே வீடு, அமைதியான அறை, வெளிச்சம் இல்ல, யார் கையும் படல, எல்லாம் உண்மை. போன மாசம் உங்க கமோடுக்குள்ளேருந்து நான்தானே எடுத்தேன்; ஆர்டர்ல முகவரியைப் பாத்தப்ப, திரும்பவும் அங்கேயே போகுதேன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு!"

மச்சானின் கை மெல்ல எழுந்து கன்னத்தில் இருந்த காகிதத் துண்டுகளைத் தொட்டது. பிறகு, பல் துலக்கும் பிரஷ் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வாயைத் தொட்டது. வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மெதுவாக நடந்துபோய், சோபாவில் தன் பள்ளத்தில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு நிபுணரின் கையிலிருந்த கத்தியை வாங்கி மடக்கி அவர் சட்டைப் பையில் செருகி, அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் குழாய்க்காரருக்குப் பக்கத்தில் வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.